மாறா வெப்பநிலையில்: அந்த இரண்டு சொற்கள் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது எப்படி என்று அரைப் பக்கத்துக்கு ஒரு பாடம் வந்திருந்தது. நடுவில் ஒரு முக்கோணம். உச்சியில் வோல்ட், அடியில் ஆம்பியரும் ஓமும். வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சமிருப்பது விடை. கீழே மூன்று கணக்குகள். அவற்றில் கடைசிக் கணக்கு என் வீட்டில் ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட இழை பல்பின் மின்தடை என்ன என்பது கேள்வி. 230ஐ 230ஆல் பெருக்கி 60ஆல் வகுத்து 882 ஓம் என்று விடை தந்திருந்தீர்கள். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் அதன் அடியில் யாரோ உற்சாகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'மல்டிமீட்டர் இருந்தால் பல்பைக் கழற்றி அளந்து விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.'

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி சரிபார்த்தாள். மீட்டர் 66 ஓம் காட்டியது. பேட்டரியை மாற்றிப் பார்த்தாள், 66. பரணில் கிடந்த வேறொரு 60 வாட் பல்பை எடுத்து வந்தாள், 67. "பாட்டி, மீட்டர் கெட்டுவிட்டது" என்று என்னிடம் நீட்டினாள். மீட்டர் என்னுடையது. அதைக் கெட்டுவிட்டது என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் ஆசிரியை அல்ல. 31 ஆண்டுகள் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். மீட்டர்களை எடுத்து வைப்பது, கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது, மணி அடித்ததும் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிப் பூட்டுவது ஆகியவைதான் என் வேலை. கரும்பலகையில் சரியாக இருந்த ஒன்று மேசைக்கு வந்ததும் என்ன பாடுபடும் என்பதை அந்த ஆண்டுகளில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

66 ஓமும் உண்மை, 882 ஓமும் உண்மை. அறையின் குளிர்ச்சியில் கிடக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை 66. அதே இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் வெண்மையாகத் தகிக்கும்போது அதன் மின்தடை 882. பதின்மூன்று மடங்கு வேறுபாடு. மல்டிமீட்டர் தன் சிறு பேட்டரியிலிருந்து அனுப்பும் மின்னோட்டம் இழையை வெதுவெதுப்பாக்கக்கூடப் போதாது. அதனால் அது தூங்கும் பல்பைத்தான் அளக்கிறது. உங்கள் கணக்கோ விழித்திருக்கும் பல்பைப் பற்றியது. இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு.

ஓம் விதியைப் பாடநூல்கள் எப்படித் தொடங்குகின்றன என்று பாருங்கள். 'மாறா வெப்பநிலையில்' என்றுதான் தொடங்கும். கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பிள்ளைகள் ஒப்பிக்கும்போது அந்த முதல் இரண்டு சொற்களை மூச்சு விடுகிற வேகத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள், கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுவதைப் போல. உங்கள் அரைப் பக்கத்தில் அந்தச் சொற்கள் எங்கேயும் இல்லை. முக்கோணத்தில் அவற்றுக்கு இடமும் இல்லை.

வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும் என்பது எப்போதும் செல்லும். அது மின்தடைக்கு நாம் வைத்துக்கொண்ட பொருள். அப்படிக் கிடைத்த ஓம் வேறொரு வோல்டிலும் மாறாமல் இருக்கும் என்பது வேறு சேதி. சில பொருள்களுக்கு, சில நிலைமைகளில் மட்டுமே அது செல்லும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் முக்கோணத்தை மட்டும் கையில் கொடுத்தால், மின்தடை என்பது பல்பின் நெற்றியில் எழுதி ஒட்டிய எண் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

அன்று மாலை பேத்தியோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். வீட்டு மின்சாரத்தில் கை வைக்க நான் விடவில்லை. 12 வோல்ட், 5 வாட் வண்டி பல்பு ஒன்று. அழுத்தத்தை ஏற்றி இறக்கக்கூடிய சிறு மின்வழங்கி ஒன்று. என் பழைய மீட்டரோடு கடன் வாங்கிய மீட்டர் ஒன்று. ஒன்றை அம்மீட்டராகத் தொடரிணைப்பிலும் மற்றொன்றை வோல்ட்மீட்டராகப் பல்பின் இரு முனைகளிலும் இணைத்தோம். 1 வோல்டில் 0.11 ஆம்பியர் பாய்ந்தது. வகுத்தால் 9 ஓம். இழையில் வெளிச்சமே இல்லை. 3 வோல்டில் 0.20 ஆம்பியர், 15 ஓம், மங்கிய சிவப்பு. 6 வோல்டில் 0.29 ஆம்பியர், ஏறத்தாழ 21 ஓம். 12 வோல்டில் 0.42 ஆம்பியர், 29 ஓமுக்குச் சற்றுக் குறைவு. மின்னழுத்தம் பன்னிரண்டு மடங்கு கூடியபோது மின்னோட்டம் நான்கு மடங்குகூட ஆகவில்லை. வரைதாளில் புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு வரவில்லை. மேலே போகப் போக முதுகு வளைந்துகொண்டே போயிற்று.

அடுத்து அதே இடத்தில் 27 ஓம் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை வைத்தோம். 3 வோல்டில் 0.11, 6 வோல்டில் 0.22, 12 வோல்டில் 0.44 ஆம்பியர். அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. பேத்தி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "அப்படியானால் பல்பு விதியை மீறுகிறதா?" என்றாள். மீறவில்லை, அதன் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கிறது, விதிக்கு வேண்டிய நிபந்தனை அங்கே இல்லை என்றேன். மீட்டர் கெடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இதைப் போன்ற ஒரு நிபந்தனை, அதாவது நிலைமை மாறாமல் நிற்க வேண்டும் என்பது, ஓமையே ஒருமுறை காலை வாரியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கியோர்க் சைமன் ஓம் ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர். 1825இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு பிழையானது. அவர் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் மின்னோட்டம் பாயப் பாயத் தளர்ந்துகொண்டே போனதால் அளவுகள் அவரை ஒரு மடக்கைச் சமன்பாட்டுக்கு இட்டுச் சென்றன. மின்கலத்தை விட்டுவிட்டு வெப்ப மின்னிரட்டையை (இரு உலோகங்கள் சேரும் முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) பயன்படுத்திப் பாருங்கள் என்று யோசனை சொன்னவர் பொகெண்டார்ஃப் என்ற இயற்பியலாளர். சீபெக் என்ற இன்னோர் இயற்பியலாளர் 1821இல் கண்ட விளைவு அது. பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு முனை கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனியின் வெப்பநிலையும் அசையாமல் நிற்பதால் மின்னழுத்தமும் அசையாமல் நின்றது. மின்னோட்டத்தை ஒரு காந்த ஊசியின் முறுக்கத்தால் அளந்தார். 1826இல் கணக்கு நேராயிற்று. 1827இல் நூல் வந்தது. நிலைமையைப் பிடித்து நிறுத்திய பிறகே விதி அவர் கண்ணுக்குத் தென்பட்டது. அப்படி நிலைமையை நிறுத்திவைக்க வேண்டும் என்று நினைவூட்டும் இரண்டு சொற்களைத்தான் நாம் விழுங்கிவிட்டோம்.

பல்பின் குளிர்ந்த மின்தடை வெறும் வேடிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை இன்னும் 66 ஓம்தான். 230ஐ 66ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். அந்தக் கணத்தில் 60 வாட் பல்பு 800 வாட்டை இழுக்கிறது. கண் சிமிட்டுவதற்குள் சூடேறி 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடும். அந்தக் காலத்து பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போனதைவிட, போடும்போது 'டப்'பென்று போனதுதான் அதிகம். இழையில் எங்கோ மெலிந்துபோன ஓரிடம் அந்த முதல் அடியைத் தாங்காது. (இன்றைய எல்இடி விளக்கை இப்படி ஓம் பார்க்க முயல வேண்டாம். உள்ளே இருப்பது இழை அல்ல, ஒரு குட்டி மின்னணுச் சுற்று. மீட்டர் காட்டுகிற எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.)

முதல் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. 230 வோல்டில் 2,000 வாட் நீர்ச்சூடேற்றி, 8.7 ஆம்பியர், 26 ஓமுக்குச் சற்று மேல். அதைக் கழற்றி மீட்டரில் வைத்தாலும் ஏறத்தாழ அதே எண் வரும். அதன் உள்ளே இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பி சூடேறினாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். அதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். மின்னழுத்தம் 200க்கு இறங்கினால் திறன் எவ்வளவு என்று ஒரு கேள்வியை அங்கே சேர்த்திருக்கலாம். வோல்ட் 13 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 2,000 வாட் 1,500 வாட்டாகிவிடும். தண்ணீர் ஏன் இன்னும் சுடவில்லை என்று கருவியைத் திட்டுகிறவர்களுக்கு அது உதவும்.

திறனைப் பற்றிய பகுதியை நீங்கள் நான்கு வரியில் முடித்ததுதான் எனக்குப் பெரிய குறை. ஆய்வகத்தில் என்னிடம் ஒரு தகர டப்பா இருந்தது. கருகிய பொருள்களை அதில் போட்டு, ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு சீட்டுக் கட்டி வைப்பேன்: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், என்ன நடந்தது. அந்த டப்பாவில் பாதிக்கு மேல் 100 ஓம், கால் வாட் மின்தடைகள். பிள்ளைகள் 12 வோல்டை அதன் இரு முனைகளில் கொடுப்பார்கள். மின்னோட்டம் 0.12 ஆம்பியர் என்று அழகாகக் கணக்கிட்டு நோட்டில் எழுதிவிடுவார்கள். எழுதி முடிப்பதற்குள் வாடை வந்துவிடும். 12ஐ 0.12ஆல் பெருக்கினால் 1.44 வாட். கால் வாட் தாங்குகிற பொருளின் தலையில் கிட்டத்தட்ட ஆறு மடங்குச் சுமை. அதற்கு 5 வோல்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது; 5ஐ 5ஆல் பெருக்கி 100ஆல் வகுத்துப் பார்த்தால் சரியாகக் கால் வாட் வரும். எல்லாரும் ஓம் பார்த்தார்கள், வாட் பார்க்கவில்லை. ஓம் என்பது பாதிக் கணக்கு என்று அந்த வாடை சொன்ன அளவுக்கு நான் வாயால் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு குழப்பமும் ஆண்டுதோறும் தவறாமல் வரும். வோல்டின் வர்க்கத்தை ஓமால் வகு என்று ஒரு வாய்பாடு. ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கு என்று மற்றொன்று. மின்தடை கூடினால் திறன் குறையுமா, கூடுமா? இரண்டு வாய்பாடுகளையும் மனப்பாடம் செய்தவர்கள்தான் இதில் அதிகம் திணறுவார்கள். எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பக்க இணைப்பில் வோல்ட் பொது. அங்கே ஓம் குறைந்த பல்பு பிரகாசமாக எரியும். தொடரிணைப்பில் ஆம்பியர் பொது. அங்கே ஓம் கூடிய பல்பு பிரகாசமாக எரியும்.

எங்கள் ஆசிரியர் ஒருவர் மூடிய பலகையில் 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடரிணைப்பில் மாட்டிக் காட்டுவார். 60 நன்றாக எரியும். 100 செம்மண் நிறத்தில் மினுக்கும். வகுப்பே ஓவென்று கத்தும். 882 ஓமையும் 529 ஓமையும் கூட்டினால் மின்னோட்டம் 0.16 ஆம்பியர் என்று கணக்கு சொல்லும். மீட்டரோ 0.2ஐத் தாண்டி நிற்கும். மீண்டும் அதே கதைதான்: இரண்டு இழைகளுக்கும் முழுச் சூடு கிடைக்கவில்லை, அதனால் இரண்டின் மின்தடையும் அச்சிட்ட கணக்கைவிடக் குறைவு. அந்த 0.2ஐ 0.16 என்று நோட்டில் திருத்தி எழுதிய மாணவர்களை எனக்குத் தெரியும். மதிப்பெண் கிடைத்தது.

வீட்டுக்குப் பயன்படுகிற கணக்கு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிளக் தளர்ந்து, தொடுமிடத்தில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 2,000 வாட் சூடேற்றியின் 8.7 ஆம்பியர் அதன் வழியே போகிறது. 8.7ஐ 8.7ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் ஏறத்தாழ 38 வாட். நாங்கள் ஆய்வகத்தில் ஈயம் பற்றவைத்த சால்டரிங் அயன் 35 வாட். அதாவது பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு சால்டரிங் அயனை வைத்து மூடிவிட்டோம். சூடேற்றியில் ஒரு மாற்றமும் தெரியாது. 4 வோல்ட் குறைந்ததை யார் கவனிப்பார்கள்? பிளக் பழுப்பேறினால் பிளாஸ்டிக் மட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

அந்த அரை ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதியில் வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மீட்டரின் இரண்டு கம்பிகளைத் தொட்டுவைத்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும். தெரிந்த மின்னோட்டத்தை ஓடவிட்டு, தொடுமிடத்தின் குறுக்கே எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று தனிக் கம்பிகளால் அளந்து வகுப்பதுதான் ஒழுங்கான வழி. வோல்ட்மீட்டர் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுப்பதில்லை என்பதால் அதன் கம்பிகளின் மின்தடை கணக்கில் நுழையாது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து மின்தடையைக் காணும் இந்த முறையைப் பழங்கால ஆய்வகச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பேட்டரியில் செய்து பழகலாம். வீட்டு இணைப்பில் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

இரண்டாவது கணக்கு: 230 வோல்டில் 2 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறன் 460 வாட் என்று போட்டிருக்கிறீர்கள். மாறுதிசை மின்னோட்டத்தில் அது வோல்ட்-ஆம்பியர்தான், வாட் ஆகிவிடாது. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால் திறன் காரணி என்ற இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும். அது 0.7 என்றால் உண்மையான திறன் 322 வாட். அதே காரணத்தால் சுருள்களை ஓம்மீட்டரில் அளந்து மின்னோட்டத்தைக் கணக்கிடுவதும் கூடாது. என் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மின்மாற்றி இருந்தது. முதன்மைச் சுருள் 40 ஓம். முக்கோணத்தைக் கேட்டால் 5.75 ஆம்பியர், 1,300 வாட் என்று சொல்லும். அப்படியானால் அது நொடியில் புகைந்திருக்க வேண்டும். ஆனால் அது சுமை எதுவும் இல்லாமல் நாள் முழுவதும் இணைப்பில் கிடந்து, உள்ளங்கைச் சூட்டில் இருக்கும். ஓடுகிற மின்னோட்டம் 0.04 ஆம்பியர்தான். சுருளில் எழும் தூண்டு மின்னழுத்தம் எதிர்த்து நிற்கிறது. கம்பியின் ஓம் அங்கே சின்ன ஆள். பத்தாம் வகுப்புக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மோட்டாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சூடேற்றியையோ பேட்டரி விளக்கையோ வைத்தால் போதும்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த வாரப் பக்கத்தில் மூன்றாவது கணக்கின் விடையை 'எரியும்போது 882 ஓம்' என்று மாற்றி, சரிபார்க்கச் சொன்ன அந்த வரியை அப்படியே விட்டுவையுங்கள். அளந்து பாருங்கள், வேறு எண் வரும், ஏன் என்று எழுதி அனுப்புங்கள் என்று மட்டும் சேருங்கள். 66 ஓமைப் பார்த்துவிட்டு மீட்டரைக் குறை சொன்ன பிள்ளைகள் என் வீட்டில் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்

பின்குறிப்பு: பாடத்தோடு வந்த படத்தில் அம்மீட்டர் பல்புக்குப் பக்க இணைப்பில் வரையப்பட்டிருக்கிறது. அம்மீட்டரின் உள்மின்தடை ஓர் ஓமில் சிறு பங்குதான், அதனால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்துவிடும். யாராவது ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே இணைப்பதற்குள் திருத்தம் வெளியிட்டுவிடுங்கள். என் டப்பாவில் அப்படிப் போன அம்மீட்டர்கள் நான்கு இருந்தன.